கொல்லை அடுப்பு: காய்வதற்கா, சமைப்பதற்கா?

‘ஃபயர் பிட்’ என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கிற சாமானின் முன்னால் நின்றுகொண்டு, “இதில் பொங்கல் வைக்கலாமா? பிரியாணி போட்டால் தாங்குமா?” என்று நம் சங்கத்து அன்பர்கள் என்னிடம் கேட்பது வழக்கமாகிவிட்டது. வருஷத்தில் நாலு மாதம் இங்கே அமெரிக்காவில் மகன் வீட்டில் தங்கிவிட்டு ஊர் திரும்புகிறவன் நான். ரயில்வேயில் நீராவி இஞ்சின் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்து, டீசலுக்கு மாறி, என்ஜினீயராக ஓய்வு பெற்றவன். “நெருப்போடு பழகியவர், நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்” என்று மலர்க் குழுவினர் சொல்லிவிட்டார்கள்.

முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கடையில் அந்தப் பெயரில் விற்கிறவற்றில் முக்கால்வாசி சமைப்பதற்காகச் செய்தவை அல்ல. சுற்றி உட்கார்ந்து குளிர் காய்வதற்காகச் செய்தவை. காய்கிற நெருப்பு வேறு, சமைக்கிற நெருப்பு வேறு. இந்த வித்தியாசம் விலைச்சீட்டில் இருக்காது. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும்.

எங்கள் ஊர் பள்ளிவாசல். மூணாற்றிலிருந்து அடிமாலிக்கு இறங்குகிற சாலையில், இடுக்கி மாவட்டத்துத் தேயிலைச் சரிவில் இருக்கிறது. என் தாத்தா பாட்டி போடியிலிருந்து மலையேறி வந்தவர்கள். அப்பாவுக்குத் தேயிலை ஃபாக்டரியில் டிரையருக்கு விறகு போடுகிற வேலை. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-இல் ஓடத் தொடங்கியது எங்கள் பள்ளிவாசலில்தான். முதிரப்புழை ஆற்றுத் தண்ணீரை இறக்குகிற ராட்சதக் குழாய்களைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவர்கள் நாங்கள். அங்கே உற்பத்தியான கரண்ட் ஆலுவாய்ப் பக்கத்து ஆலைகளுக்கெல்லாம் போயிற்று. லயத்து வீடுகளில் சோறு விறகில்தான் வெந்தது.

அந்த லயத்தில் இரண்டு நெருப்பு உண்டு. தை மாசக் குளிரில் முற்றத்தில் கட்டையைப் போட்டு மூட்டி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுற்றி உட்காருகிற நெருப்பு ஒன்று. மூணாற்றின் மேல் எஸ்டேட்டுகளில் சில வருஷம் ஜனவரியில் பூஜ்ய டிகிரிக்குப் போய்ப் புல்லெல்லாம் உறைபனி வெளுத்திருக்கும்; அந்தக் குளிருக்கு அது வேண்டியிருந்தது. அதில் யாரும் பானை வைக்கமாட்டார்கள். மிஞ்சிப்போனால் மரவள்ளிக்கிழங்கைச் சாம்பலில் புதைத்து எடுப்போம். இன்னொரு நெருப்பு அடுப்பங்கரையில். அது சின்னது, மூன்று பக்கம் அடைத்தது, பானையின் வயிற்றை மட்டும் நக்குகிற நெருப்பு. முற்றத்து நெருப்பில் பாதி விறகு இருந்தால் அடுப்பங்கரை நெருப்பில் இரண்டு வேளைச் சமையல் முடியும்.

காய்கிற நெருப்பின் வேலை நாலா பக்கமும் வெப்பத்தைப் பரப்புவது. சமைக்கிற நெருப்பின் வேலை அதை ஓரிடத்தில் சேர்ப்பது. அகன்ற கிண்ணம் போன்ற ஃபயர் பிட்டில் பானை வைக்கிறவர், முகத்துக்கும் முழங்காலுக்கும் சூடு ஏற்றிவிட்டு, மிச்சத்தைத்தான் அரிசிக்குக் கொடுக்கிறார்.

இப்போது எங்கள் சரிவெங்கும் ரிசார்ட்டுகள் முளைத்துவிட்டன. ‘கேம்ப் ஃபயர் உண்டு’ என்று போர்டு வைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து வருகிறவர்கள் காசு கொடுத்துப் புகையில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறார்கள். அதே சரிவில் என் அக்காள் புகையிலிருந்து எழுந்து வெளியே வர வழி தேடிக்கொண்டிருந்தாள்.

யார் நின்று கிளறப் போகிறார்?

அக்காள் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவள். பீடி, புகையிலை, வெற்றிலை எதையும் தொட்டவள் அல்ல. அறுபது தாண்டியதும் இழுப்பு வந்தது. படியேறினால் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “வீட்டில் விறகு அடுப்பா அம்மா?” என்பதுதான். விடியற்காலை எழுந்து அடுப்பு மூட்டி, கொழுந்துக்குப் போய்வந்து மறுபடி மூட்டி, ஐம்பது வருஷம் அந்தப் புகையைச் சுவாசித்திருக்கிறாள். சிகரெட் பிடிப்பவர்களுக்கு வருகிற நுரையீரல் அடைப்பு நோய்தான் அவளுக்கும்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. வீட்டுக்குள் எரிகிற விறகு, வறட்டி, கரி முதலானவற்றின் புகையால் 2020-இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க அறிஞர் குஜராத் கிராமங்களில் சமைக்கிற பெண்களின் உடம்பிலேயே கருவியைப் பொருத்தி, அவர்கள் சுவாசிக்கிற புகையை அளந்து காட்டினார். அதுவரை நகரத்துத் தொழிற்சாலைப் புகையைத்தான் எல்லோரும் அளந்துகொண்டிருந்தார்கள்.

“நாங்கள் கொல்லையில்தானே வைக்கப்போகிறோம், புகை ஆகாயத்துக்குப் போய்விடுமே” என்பீர்கள். சுற்றி உட்கார்ந்திருப்பவர்களைப் பொறுத்தவரை ஓரளவு சரி. புகை வந்தால் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். கரண்டி பிடித்தவர் எங்கே தள்ளிப் போவது? அடுப்புக்கும் அவர் முகத்துக்கும் இரண்டடிதான். ஐம்பது பேருக்குப் பிரியாணி என்றால் மூன்று மணி நேரம் அந்த இரண்டடியில் நிற்க வேண்டும். மாசத்துக்கு ஒரு நாள் சமைப்பவருக்கு அக்காளுக்கு வந்தது வரும் என்று பயமுறுத்த நான் வரவில்லை. ஆனால் இங்கே வந்திருக்கிற அம்மாக்களும் மாமியார்களும் பலர் ஊரில் ஐம்பது வருஷப் புகையை ஏற்கெனவே உள்ளே வாங்கிக்கொண்டு வந்தவர்கள். ஆஸ்துமா உள்ள குழந்தைகளும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஆகவே ஃபயர் பிட் வாங்கப் போகிறவர்கள் நிறம், கால், மூடி இவற்றைப் பார்ப்பதற்கு முன்னால், யார் நின்று கிளறப் போகிறார் என்று யோசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

இஞ்சின் ஷெட்டில் கற்றது

நான் சேர்ந்த காலத்தில் ஷெட்டில் நிலக்கரி இஞ்சின்கள் இருந்தன. புகைபோக்கியிலிருந்து கறுப்பாகப் புகை வந்தால் சினிமாவில் அழகாக இருக்கும். ஷெட்டில் ஃபயர்மேனுக்குத் திட்டு விழும். புகை என்பது எரியாமல் தப்பிப் போகிற எரிபொருள். அது காசு. நல்ல ஃபயர்மேன் ஒரேயடியாக நிலக்கரியைக் கொட்டமாட்டார். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போடுவார். போட்டதும் தீப்பெட்டிக் கதவைச் சற்றே திறந்து வைத்து, மேலாகக் கொஞ்சம் காற்று விடுவார். உள்ளே தீச்செங்கலால் ஒரு வளைவு கட்டியிருக்கும். புகை நேரே குழாய்க்குள் ஓடிவிடாமல் அந்த வளைவைச் சுற்றி வரும். செங்கல்லின் சூட்டில் அதுவும் பற்றி எரிந்துவிடும். அடியில் கிரேட் என்கிற இரும்புச் சட்டம். அதன் கீழே சாம்பல் தட்டு. தட்டுக்குக் காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு கதவு.

விறகு அடுப்பிலும் இவ்வளவுதான் சங்கதி. விறகு சூடானதும் முதலில் வாயுவாகப் பிரிகிறது. அந்த வாயு முழுக்க எரிய 600 டிகிரி செல்சியஸ் சுமாருக்குச் சூடு வேண்டும், அதோடு கலக்கக் காற்று வேண்டும், கலந்து எரிய இடம் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாயு புகையாகிக் கண்ணில் ஏறும். குளிர்ந்த பானையை நெருப்பின் மேல் அழுத்தி வைத்தால் சுவாலை பானையில் பட்டுச் சட்டென்று குளிர்ந்துவிடுகிறது. பானை கரிபிடிப்பது இதனால்தான். விறகு கட்டாந்தரையில் கிடந்தால் அடியில் காற்று போகாது. நம் பாட்டிமார் ஊதாங்குழலை வைத்து நுரையீரலால் செய்த வேலையைத்தான் கிரேட் சும்மா இருந்தே செய்கிறது.

கடையில் கிடைப்பவை

முதல் ரகம் அகன்ற இரும்புக் கிண்ணம். மலிவு. கிண்ணத்தின் அடி மூடியிருப்பதால் விறகு சாம்பலில் மூழ்கிப் புகையும். மேலே தருகிற கம்பி வலை சோளக்கதிர் சுட லாயக்கு; பத்து லிட்டர்ப் பானையை வைத்தால் தொய்ந்துவிடும். இரும்பு சிவக்கிற சூட்டில் தன் பலத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். கட்டடத்துக்குப் போடுகிற மெல்லிய கம்பியைக் குறுக்கே வைத்து அதன் மேல் சாம்பார் அண்டாவை ஏற்றுகிறவர்கள் தயவுசெய்து கவனிக்கவும்.

இரண்டாவது ரகம் இரட்டைச் சுவர் உள்ள எவர்சில்வர் உருளை. ‘புகையில்லாதது’ என்று விளம்பரம் செய்கிறார்கள். விளம்பரம் பொய் இல்லை. இரு சுவர்களுக்கும் நடுவே ஏறுகிற காற்று சூடாகி, மேல் விளிம்பில் உள்ள துளைகள் வழியே உள்ளே பாய்ந்து, புகையை எரிக்கிறது. எங்கள் ஃபயர்மேன் கதவைத் திறந்து வைத்தாரே, அதே தத்துவம். புத்திசாலித்தனமான வேலை என்று நானே குனிந்து பார்த்து மெச்சினேன். ஆனால் துளைகளுக்கு மேலே விறகை நிரப்பினாலோ, வாயை மூடினாற்போலப் பெரிய பாத்திரத்தை வைத்தாலோ அந்த வித்தை நின்றுபோகும். காய்வதற்கு வாங்குவதென்றால் இதை வாங்குங்கள். சமைப்பதென்றால், பாத்திரத்தை உயர்த்திப் பிடிக்கிற தனிச் சட்டம் சேர்த்துத் தருகிறார்களா என்று பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது ரகம் மேஜை போல இருக்கிற கேஸ் ஃபயர் பிட். கண்ணாடிக் கல் நடுவே நெருப்பு நடனமாடும். அது அலங்காரம். எண்ணெய் சொட்டினால் கல் பாழ், துவாரம் அடைப்பு. கேஸில் சமைக்க வேண்டுமானால் ஒற்றைப் பர்னர் உள்ள வெளிப்புறக் கேஸ் அடுப்பு அதைவிட மலிவாகக் கிடைக்கிறது. மூச்சுக் கோளாறு உள்ளவர் சமைக்கிற வீட்டில் நான் தயங்காமல் அதைத்தான் சொல்வேன். விறகு வாசனை வரவில்லையே என்று குறைப்படுகிறவர் தாமே வந்து கிளறட்டும்.

காசு செலவழிக்காமல் பழைய டிரம்மை வெட்டி அடுப்பாக்குகிற நண்பர்களும் உண்டு. டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் தொடாதீர்கள். துத்தநாகப் பூச்சுள்ள டிரம், வாளி, வலை எதையும் நெருப்பில் வைக்கக் கூடாது. அதன் ஆவியைச் சுவாசித்தால் குளிர் ஜுரம் போல வரும். வெல்டிங் செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஊரில் லாரி ரிம்மைக் கவிழ்த்து அடுப்பாக்குவார்கள்; பெயின்ட்டைச் சுரண்டி, ஒரு முறை ஆளில்லாத இடத்தில் எரித்து எடுத்துவிட்டால் அது கெட்டியான அடுப்பு.

மூன்று செங்கல்

ஒரே ஒரு நாளைக்கு, தைப்பொங்கலுக்கு மட்டும் வேண்டும் என்கிறவர் எதையும் வாங்க வேண்டாம். திருவனந்தபுரத்தில் ஆற்றுகால் பொங்கலைக்கு லட்சக்கணக்கான பெண்கள் தெருவிலேயே அடுப்பு வைக்கிறார்கள். 2009-இல் 25 லட்சம் பேர் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அத்தனை பேருக்கும் மூன்று செங்கல்தான் அடுப்பு. தென்னை ஓலையும் மட்டையும்தான் விறகு. முடிந்தபின் மாநகராட்சி அந்தச் செங்கற்களைச் சேகரித்து ஏழைகளுக்கு வீடு கட்டக் கொடுக்கிறது. மூன்று செங்கல் அடுப்பு விறகைத் தின்னும்; எரிகிற விறகின் சூட்டில் பத்தில் ஒன்றரைப் பங்குகூடப் பானைக்குப் போய்ச் சேராது. ஒரு மணி நேரப் பொங்கலுக்கு அதனால் குடி முழுகிவிடாது. அடிக்கடி சமைக்கிறவர்கள்தான் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்காளுக்கு நான் கட்டிக் கொடுத்த அடுப்பின் அளவை இங்கே தருகிறேன். மருமகள் கேஸில்தான் சமைக்கிறாள். 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் சிலிண்டர் இல்லாத வீடு குறைவு. ஆனால் குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, நாலு பேர் வந்தால் பெரிய சோறு என்றால் சிலிண்டர் கட்டுபடியாவதில்லை. மூணாற்று உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் அரிசியும் பருப்பும் வேக நேரம் கூடுதல். டென்வர் பக்கம் இருக்கிறவர்களுக்கும் இது தெரிந்திருக்கும். “தம்பி, நீ இஞ்சினுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவன்தானே, இந்தச் சனியனுக்கு ஒரு வழி பண்ணேன்” என்றாள் அக்காள்.

புகையில்லா அடுப்புக்கு நம் நாட்டில் நீண்ட சரித்திரம் உண்டு. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் டாக்டர் எஸ். பி. ராஜு புகைபோக்கி வைத்த அடுப்பை உருவாக்கி, 1953-இல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ‘அஸ்த்ரா’ அடுப்பு செய்தார்கள். 1983-இல் மத்திய அரசு தேசியத் திட்டமாகவே எடுத்துக்கொண்டு, 2002 வரை மூன்று கோடிக்கு மேல் அடுப்புகளை வழங்கியது. அவற்றில் ஏராளமானவை சில வருஷத்துக்குள் மூலையில் போடப்பட்டன. விரிசல் விட்டால் பூசிக் கொடுக்க ஆளில்லை, புகைபோக்கியைச் சுத்தம் செய்வார் இல்லை, அடுப்பு வாய்க்குள் வீட்டுப் பானை உட்காரவில்லை. வடிவமைத்தவர்கள் கெட்டிக்காரர்கள், சமைக்கிறவளின் பானையை யாரும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. நான் முதலில் டேப்பை எடுத்து அக்காளின் பானைகளையும், பிறகு அவள் இடுப்பு உயரத்தையும் அளந்தேன்.

அடுப்பு திறந்த வெளியில், மேலே தகரக் கூரை மட்டும் போட்ட இடத்தில் இருக்கிறது. இரண்டே காலடி உயரத்தில் செங்கல் திண்ணை. அக்காள் குள்ளம், உங்கள் வீட்டுக்கு இரண்டரை அடி சரியாக இருக்கும். குனியாமல் நின்று சமைப்பதே பாதிப் புகையைக் குறைத்துவிடுகிறது. திண்ணையின் மேல் மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் வாய். உள் அகலம் பதின்மூன்றரை அங்குலம், அதாவது ஒன்பது அங்குலத் தீச்செங்கல் ஒன்றரை நீளம். செங்கல்லை நெட்டுக்குத்தாக இல்லாமல் பக்கவாட்டில் நிறுத்தி இரண்டு வரிசை வைத்தால் ஒன்பது அங்குல உயரம் வரும். பத்துப் பன்னிரண்டு தீச்செங்கல் உள்சுற்றுக்குப் போதும். வெளிச்சுற்றுக்குச் சாதாரணச் செங்கல். தரையிலிருந்து இரண்டு அங்குலம் உயர்த்தி வார்ப்பிரும்பு கிரேட். அதிலிருந்து பானையின் அடி ஏழு அங்குலம். சுவரின் மேல் முக்கால் அங்குல உயரத்தில் மூன்று குமிழ். நம் பழைய மண் அடுப்பில் குமிழ் வைத்தவர் யாரோ, அவர்தான் முதல் என்ஜினீயர்! பானைக்கும் சுவருக்கும் நடுவே அந்த இடுக்கு வழியாகத்தான் சூடான வாயு பானையைத் தடவிக்கொண்டு வெளியேறுகிறது. இடுக்கைப் பெரிதாக்கினால் சூடு ஓடிவிடும். அடைத்தால் வாய் வழியே புகை முகத்துக்கு வரும்.

கல்யாணக் கோட்டை அடுப்பு மாதிரி இரண்டு மூன்று பானை வரிசையாக வேண்டும் என்பவர்கள் ஒரே நீளக் குழியாகப் போடாமல், நடுவே தடுப்பு வைத்துத் தனித்தனி வாயாகப் போடுங்கள். ஒரு பானையை இறக்கியதும் மற்ற இரண்டும் புகையாமல் இருக்கும். தரையைத் தோண்டுவதாக இருந்தால் தோண்டுவதற்குச் சில நாள் முன்பே 811 எண்ணுக்குப் போன் செய்து, கேஸ், மின்சாரக் குழாய் எங்கே போகிறது என்று குறி போடச் சொல்லுங்கள். இலவசம்தான்.

ஓடைக்கல் அழகாக இருக்கிறதென்று சுற்றி அடுக்காதீர்கள். தண்ணீரில் ஊறிய கல்லுக்குள் ஈரம் இருக்கும். சூட்டில் அது ஆவியாகிக் கல் வெடிக்கும். முதிரப்புழைக் கரையில் பையன்கள் கல்லை வைத்து மீன் சுட்டபோது சிதறிய துண்டு ஒருவனின் புருவத்தைக் கிழித்ததை நேரில் பார்த்திருக்கிறேன். சிமெண்ட் பிளாக்கும் நெருப்பு நேரே படுகிற இடத்துக்கு ஆகாது.

அக்காள் வீட்டில் முன்பு நாலு நாளைக்கு வந்த விறகுக்கட்டு இப்போது ஒரு வாரம் வருகிறது. அவள் இழுப்பு போகவில்லை. போன நுரையீரல் திரும்பி வராது. அடுப்பருகே இருமுவது குறைந்திருக்கிறது என்று மருமகள் சொல்கிறாள். அக்காளைக் கேட்டால், “பானை கரிபிடிக்கலை, தேய்க்கிற வேலை மிச்சம்” என்கிறாள்.

விறகு, காற்று, அக்கம்பக்கம்

எவ்வளவு நல்ல அடுப்பானாலும் ஈர விறகு அதைக் கெடுத்துவிடும். பச்சை மரத்தின் எடையில் பாதியளவுகூடத் தண்ணீர் இருக்கலாம். அதை ஆவியாக்கிவிட்டுத்தான் விறகு உங்களுக்கு வேலை செய்யும். ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றாட ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வைத்தால் வரும். இரண்டு துண்டைத் தட்டினால் ‘டக்’ என்று மணி போலக் கேட்க வேண்டும். எங்கள் மலையில் கம்பெனிக்காரர்கள் விறகுக்கென்றே யூகலிப்டஸ் வளர்த்தார்கள், ‘கிராண்டிஸ்’ என்போம். அதைவிட அக்காளுக்குப் பிடித்தது தேயிலைக் கவாத்துக் குச்சி. விரல் கனம்தான், காய்ந்துவிட்டால் கரி போல நின்று எரியும். சமையலுக்கு மணிக்கட்டுக் கனத்துக்கு மேல் விறகு வேண்டாம். பெருங்கட்டை காய்கிற நெருப்புக்கு.

இனி என் துறை சம்பந்தப்பட்ட ஒரு எச்சரிக்கை. பழைய ரயில்வே மரச் சிலீப்பர்களைத் தோட்டத்தில் வரப்புக்கு வாங்கிப் போடுகிறவர்கள் இங்கே நிறைய. மிஞ்சிய துண்டை அடுப்பில் வைக்காதீர்கள். கறையான் அரிக்காமலிருக்கக் கிரியோசோட் எண்ணெயில் ஊறவைத்த மரம் அது, புகை விஷம். பழைய வேலிப்பலகை, டெக் பலகை இன்னும் மோசம். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலந்து பதப்படுத்திய மரத்தை அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு 2003 முடிவோடு நிறுத்தினார்கள். அதற்கு முன் போட்ட பலகைகள் இன்னும் பல கொல்லைகளில் நிற்கின்றன. அதை எரித்தால் ஆர்சனிக் புகையிலும் போகும், சாம்பலிலும் தங்கும். பிளைவுட், பெயின்ட் அடித்த கட்டை எதுவும் கூடாது.

அடுப்பை எங்கே வைப்பது? இங்கே பல ஊர்கள் பின்பற்றுகிற தீத்தடுப்பு மாதிரி விதியில், திறந்த நெருப்புக்கும் கட்டடத்துக்கும் 25 அடி இடைவெளி சொல்லியிருக்கிறது. அது மூன்றடி அகலத்துக்கும் இரண்டடி உயரத்துக்கும் மேல் போகக் கூடாது. ஊருக்கு ஊர், குடியிருப்புச் சங்கத்துக்குச் சங்கம் விதி மாறும். உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள். காய்ந்த கோடையில் தடை போட்டால் மதியுங்கள். எங்கள் மலைக்கு மறுபுறம், போடிக்கு மேலே குரங்கணியில் 2018 மார்ச் 11-ஆம் தேதி காய்ந்த புல்லில் பரவிய காட்டுத் தீயில் சிக்கி 23 மலையேற்றப் பயணிகள் இறந்தார்கள். சரிவில் தீ மேல்நோக்கி ஓடுகிற வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. அந்த மாசங்களில் எங்கள் ஊரில் அடுப்புச் சாம்பலைக்கூடத் தண்ணீர் தெளித்துத்தான் கொட்டுவோம்.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று இரண்டு மூன்று மாலை கவனித்துவிட்டு இடத்தைக் குறியுங்கள். காற்று முதுகுப் பக்கமிருந்து அடித்தால் புகை எதிரே போய்விடும் என்று தோன்றும்; அப்படிப் போகாது. நிற்கிற ஆளின் முன்னால் காற்று சுழன்று புகையை அவர் முகத்துக்கே இழுத்துவரும். தோள் பக்கமிருந்து காற்று வருகிற மாதிரி அடுப்பின் வாயைத் திருப்பி வையுங்கள். அப்படி வைத்தபின் புகை பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மிளகாய் தாளிக்கிற நெடிக்கு எந்த ஊர் விதியிலும் இடைவெளி எழுதியிருக்காது. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி, ஒரு தட்டுப் பிரியாணியும் அனுப்பிவிடுவது நல்லது.

மழை வந்துவிட்டதென்று எரிகிற கரியடுப்பைக் கராஜுக்குள் தூக்கிப் போகாதீர்கள், கதவு திறந்திருந்தாலும். புகையே தெரியாத கங்குதான் அதிக ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

கட்டி முடித்த அன்றே பெரிய அண்டாவை ஏற்ற வேண்டாம். தீச்செங்கல்லுக்கென்று தனிச் சாந்து விற்கிறார்கள். சாதா சிமெண்ட் சூட்டில் உதிர்ந்துவிடும். சாந்து ஒரு வாரம் நிழலில் காயட்டும். பிறகு முதல் நாள் சுள்ளியால் அரை மணி நேரம், மறுநாள் ஒரு மணி நேரம், மூன்றாம் நாள் முழு நெருப்பு. பொங்கலுக்கு அடுப்பு வேண்டுமென்றால் மார்கழி பிறப்பதற்குள் செங்கல் வாங்கிவிடுங்கள். இங்கே பனி விழத் தொடங்கிவிட்டால் சாந்து உலராது.